சமவெளிக்கு வந்த கயிலை: தொண்டை நாட்டுக் குன்றுகளின் வரலாறு

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலம் ஏரிகளின் நிலம். செம்பரம்பாக்கம் முதலாகச் சிறிதும் பெரிதுமாய்ப் பரந்து கிடக்கும் நீர்நிலைகளே அதன் அடையாளம். வானளாவிய மலை எதுவும் அங்கில்லை. எனினும் அந்நிலத்தைச் சூழ்ந்து குன்றத்தூர், திருநீர்மலை, பல்லாவரம், திருக்கச்சூர், சிங்கப்பெருமாள் கோயில் எனக் குன்றுகள் நிற்கின்றன. சற்றுத் தெற்கே நகர்ந்தால் வல்லமும் திருக்கழுக்குன்றமும் எதிர்ப்படுகின்றன. இவற்றுள் புகழால் மிக ஓங்கிய திருக்கழுக்குன்றமே ஏறத்தாழ 500 அடி உயரந்தான். இமயத்தின் பக்கத்தில் வைத்து நோக்கினால் இவை மலை என்னும் பெயருக்கே உரியனவல்ல. அவ்வாறிருந்தும் கயிலைக்கும் மேருவுக்கும் உரிய மதிப்பை இக்குன்றுகளுக்கு இந்நாட்டார் அளித்தனர். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிந்தால், மலையைப் பற்றிய நம் முன்னோர் கொள்கையின் உட்பொருள் விளங்கும்.

வடபுல மரபு

புராணங்கள் உலகின் நடுவே மேருவை நிறுத்துகின்றன. கதிரும் மதியும் அதனையே வலம் வருகின்றன. பாரத வருடத்துக்கு மகேந்திரம், மலயம், சஃயம், சுக்திமான், ரிட்சம், விந்தியம், பாரியாத்திரம் என ஏழு குலமலைகளை அவை வகுத்துரைக்கின்றன. இவற்றுள் மலயம் என்பது தென்னாட்டு மலை. ‘மலை’ என்னும் தமிழ்ச்சொல்லே வடமொழியில் ‘மலய’ என்றானது என்பது மொழியறிஞர் பலரும் உடன்படும் கருத்து. வடவர் தம் குலமலைகளை எண்ணும்போது அப்பட்டியலில் ஒரு தமிழ்ச்சொல்லும் இடம்பெற்றது என்பது எண்ணி மகிழத்தக்கது.

மலைகளுக்கு ஒரு காலத்தில் சிறகுகள் இருந்தன என்பது வேத இலக்கியம் சொல்லும் பழங்கதை. அவை விரும்பிய இடமெல்லாம் பறந்து அமர்ந்தமையால் நிலம் நிலைகொள்ளாது தவித்தது. இந்திரன் அச்சிறகுகளை அரிந்தான், மலைகள் நின்ற இடத்தில் நின்றன, நிலமும் நிலைபெற்றது. தப்பியோடிக் கடலுள் ஒளிந்த மைநாகம், பின்னர் இலங்கைக்குத் தாவும் அனுமன் இளைப்பாறுவதற்காக எழுந்து நின்றது என்று இராமகாதை கூறும். இக்கதைகளில் மலை, நிலத்தைத் தாங்கும் ஆணியாகவும் வழிப்போக்கனுக்கு உதவும் உயிராகவும் தோற்றமளிக்கிறது. காளிதாசர் தம் குமாரசம்பவத்தை இமய வருணனையோடு தொடங்கியதும், இமயத்தைத் தெய்வ ஆன்மாவாகக் கண்டதும் இம்மரபின் தொடர்ச்சியே.

விந்தியத்தின் செருக்கை அடக்கிவிட்டுத் தெற்கே வந்த அகத்தியர் பொதிகையில் அமர்ந்தார் என்பது வடபுல மலைக்கதையையும் தென்புல மலைக்கதையையும் இணைக்கும் பாலம். வளர்ந்துகொண்டே போன மலை பணிந்து நின்றது. அடக்கத்தின் வடிவான குறுமுனிக்கு மலை ஒன்று இருப்பிடமாயிற்று. மலையின் பெருமை அதன் உயரத்தில் இல்லை என்னும் கருத்து அக்கதையிலேயே வித்தாகக் கிடக்கிறது.

குன்றுதோறும்

தமிழர் நிலத்தைத் திணையாகப் பகுத்தபோது மலைக்கும் மலைசார்ந்த இடத்துக்கும் குறிஞ்சி என்று பெயரிட்டனர். தொல்காப்பியம் அந்நிலத்தைச் சேயோனுக்கு உரியதாக்கியது. அந்நூலுக்குப் பாயிரம் வழங்கிய பனம்பாரனார், தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறித்தார். மொழியின் எல்லைக்கல்லாக ஒரு மலை நின்றது.

சங்க இலக்கியத்தில் மலைக்கு ஒரு மனிதனும் மனிதனுக்கு ஒரு மலையும் உண்டு. பறம்பு என்றால் பாரி. கொல்லி என்றால் ஓரி. குதிரைமலை என்றால் அதியமான். பொதியில் என்றால் ஆய். வேந்தர் மூவர் சூழ்ந்து பாரியை அழித்த பின்பு, கபிலரின் துயரம் மன்னனுக்கும் மலைக்கும் ஒருசேர உரியதாயிற்று. நன்னனது நவிரமலையைப் பாடிய பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டு, மலையில் எழும் பல்வேறு ஒலிகளால் மலைபடுகடாம் என்றே பெயர் பெற்றது.

திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் ஆறு இடங்களைச் சொல்கிறது. பரங்குன்றும் அலைவாயும் ஆவினன்குடியும் ஏரகமும் பழமுதிர்சோலையும் குறித்த ஊர்கள். ஐந்தாவதாக வருவதோ குன்றுதோறாடல். பிற்காலத்தார் இதனைத் திருத்தணிகையோடு பொருத்திக் கூறினும், சொல்லின் நேர்ப்பொருள் எல்லாக் குன்றுகளையும் தழுவுவது. சிறியது, பெரியது என்ற அளவை நக்கீரர் வைக்கவில்லை. குன்றாக இருந்தால் போதும். அங்கே அவன் ஆடுவான். சமவெளி மக்கள் தம் ஊர்க்கோடியில் நின்ற சிறு பாறைமேட்டையும் தெய்வத்தின் இடமாகக் கொள்வதற்கு இதைவிடத் தெளிவான உரிமைப் பத்திரம் வேண்டியதில்லை.

கல்லே ஏடாக

புராணமும் பாட்டும் மலையைப் போற்றிய காலத்திலேயே வரலாறும் மலையை நாடியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் ஆணைகளைப் பாறைகளிலும் கல்தூண்களிலும் பொறிக்கச் செய்தார். பீகாரிலுள்ள பராபர் குன்றின் குகைகளை அவர் ஆசீவகத் துறவியருக்கு அளித்தார். அவர் பௌத்தர்; பெற்றவர்கள் வேறு சமயத்தவர். மலை எவர் ஒருவருக்கும் தனியுடைமை ஆகாது என்பதற்கு அது பழஞ்சான்று.

சௌராட்டிரத்துக் கிர்நார் மலையடியில் கிடக்கும் ஒரு பாறை இன்னும் வியப்புக்குரியது. அதில் அசோகரின் 14 ஆணைகள் உள்ளன. கி.பி. 150ஆம் ஆண்டில் சக மன்னன் உருத்திரதாமனும், கி.பி. 5ஆம் நூற்றாண்டில் குப்தப் பேரரசன் ஸ்கந்தகுப்தனும் அதே பாறையில் எழுதுவித்தனர். பின்னைய இரண்டும் பேசுவது சுதர்சனம் என்னும் ஏரியைப் பற்றி. சந்திரகுப்த மௌரியரின் ஆளுநன் புஷ்யகுப்தன் அதனை அமைத்தான். அசோகர் காலத்தில் துஷாஸ்பன் என்னும் யவன அதிகாரி மதகுகள் அமைத்தான். பெரும்புயலில் கரை உடைந்தபோது உருத்திரதாமன் திருத்தினான். மீண்டும் உடைந்தபோது ஸ்கந்தகுப்தன் காலத்தில் செப்பனிடப்பட்டது. மலையில் பெய்த மழை ஏரியாகத் தேங்கியது. அந்த ஏரியின் வரலாறு மலையடிக் கல்லிலேயே எழுத்தாக நின்றது. ஏரிகள் நிறைந்த தொண்டை நாட்டார்க்கு இவ்வுறவை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திருநீர்மலையைப் பாட வந்த திருமங்கையாழ்வார், மலையைச் சூழ்ந்த வெள்ளம் வடியும்வரை காத்திருந்தார் என்னும் வரலாறு அவ்வூரின் பெயரிலேயே தங்கியிருக்கிறது.

தமிழகத்தில் இம்மரபு மதுரைக்கு அருகே மாங்குளத்தில் தொடங்குகிறது எனலாம். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அங்குள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டுகள், நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரையும் சமணத் துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்தவர் பெயரையும் தாங்கியுள்ளன. பாட்டிலே வாழ்ந்த பெயர்கள் பாறையிலும் கிடைத்தன.

மலையைக் குடைந்தவரும் மலையைக் கட்டியவரும்

கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றியே அயன், அரன், அரி ஆகிய மூவர்க்கும் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதத்துடன் பொறித்தான். பல்லாவரத்துக் குன்றிலும் அவன் காலக் குடைவரை உண்டு. அவனுடைய விருதுப்பெயர்கள் அங்கே வெட்டப்பட்டுள்ளன. அக்குடைவரை பிற்காலத்தில் இசுலாமியரின் தர்காவாயிற்று. வழிபாடு மாறினும் வணங்கும் இடம் மாறவில்லை.

செங்கற்பட்டை அடுத்த வல்லத்தின் குடைவரை வேறொரு வகையில் சிறப்புடையது. மகேந்திரனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசனின் மகன் கந்தசேனன் அதனைச் செய்வித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. பேரரசனின் கல்வெட்டு வடமொழியில் மண்டகப்பட்டில் நிற்க, சிற்றரசன் மகனின் கல்வெட்டு தமிழில் வல்லத்தில் நிற்கிறது. சிறு குன்றில் சிறு தலைவன் செய்த சிறு கோயில், பல்லவர் காலத் தமிழின் தொன்மையான சான்றுகளுள் ஒன்றாயிற்று.

ஒரகடத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை முடியும் இடம் சிங்கப்பெருமாள் கோயில். பாடலாத்திரி என வழங்கும் சிறு குன்றைக் குடைந்தமைத்த கருவறையில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். இறைவனை வலம்வர விரும்புவோர் குன்றையே சுற்றிவர வேண்டும். கோயில் வலமும் கிரிவலமும் அங்கே ஒன்றாகின்றன. தெய்வம் எது, மலை எது என்று பிரித்துக் காட்ட இயலாத அமைப்பு அது.

மலையைக் குடைந்தவர்கள் அடுத்து மலையைக் கட்டத் தலைப்பட்டனர். வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத்சம்கிதை, கோயில் வகைகள் இருபதை எண்ணும்போது மேரு, மந்தரம், கயிலாசம் என்றே தொடங்குகிறது. கோயிலின் முடிக்குச் சிகரம் என்பது பெயர். கருவறை குகையின் இருளைத் தன்னகத்தே கொண்டது. காஞ்சியில் இராசசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கோயில் இன்று கயிலாசநாதர் கோயில் என்றே வழங்குகிறது. அந்நூற்றாண்டிலேயே இராட்டிரகூடன் முதலாம் கிருஷ்ணன் எல்லோராவில் ஒரு மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கயிலாசமாக்கினான். 1010ஆம் ஆண்டளவில் இராசராசன் தஞ்சையில் எழுப்பிய விமானம் தட்சிணமேரு எனப்பட்டது. மலையே இல்லாத காவிரி வண்டலின் நடுவே ஒரு மேரு எழுந்தது.

கயிலை இறங்கி வந்த வழி

அரசர் கல்லால் செய்ததை அடியார் சொல்லால் செய்தனர். காரைக்காலம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார். அங்கே இறைவன் அவருக்குக் காட்டிய இடம் தொண்டை நாட்டுத் திருவாலங்காடு. கயிலையின் உச்சியை அடைந்தவர் சமவெளிக்கே திருப்பி அனுப்பப்பட்டார். திருநாவுக்கரசர் முதுமையில் கயிலைக்குப் புறப்பட்டு, உடல் தேய்ந்து வழியில் வீழ்ந்தார். இறைவன் அவரைத் தடுத்து ஒரு பொய்கையில் மூழ்கச் செய்ய, அவர் எழுந்த இடம் திருவையாறு. கயிலைக் காட்சியை அங்கேயே கண்டார். சமய வரலாற்றில் இந்நிகழ்ச்சியின் கருத்து பெரிது. யாத்திரை போக இயலாத ஏழைக்கும் முதியவர்க்கும் மலை தானே இறங்கி வரும் என்னும் உறுதிமொழி அது.

சுந்தரர் வரலாறு திருக்கச்சூரில் இவ்வுறுதிமொழியை மேலும் எளிமைப்படுத்துகிறது. பசியால் வாடிய சுந்தரருக்காக இறைவனே வீடுவீடாகச் சென்று சோறு இரந்து வந்து இட்டார் என்று பெரியபுராணம் சொல்லும். அவ்வூரில் ஆலக்கோயில் தரையில் உள்ளது; மருந்தீசர் கோயில் மருந்துமலை எனப்படும் சிறு குன்றின்மேல் உள்ளது. பசிக்குச் சோறும் பிணிக்கு மருந்தும் தரும் ஊராக அது நினைக்கப்பட்டது. மலை அங்கே அச்சுறுத்தும் சிகரமாக இல்லை. பக்கத்து வீட்டு உறவாக இருக்கிறது.

இவ்வரலாறுகளையெல்லாம் காப்பியமாக்கிய சேக்கிழார் குன்றத்தூரில் பிறந்தவர். ஊர்ப்பெயரிலேயே குன்று உண்டு. குன்றின்மேல் முருகன் கோயில் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் அவையில் அமைச்சராக விளங்கிய அவர், தம் காப்பியத்தைத் திருமலைச் சிறப்போடு தொடங்கினார். அத்திருமலை கயிலை. நூலின் இறுதியில் சுந்தரர் வெள்ளானைமேல் ஏறி அக்கயிலைக்கே மீள்கிறார். கயிலையில் தொடங்கிக் கயிலையில் முடியும் அக்காப்பியத்தின் உடலோ வயலிலும் தெருவிலும் நடக்கிறது. குயவரும் வேடரும் வண்ணாரும் வணிகரும் அதன் தலைவர்கள். சிறு குன்றின் நிழலில் வளர்ந்த புலவர், பெரிய மலையையும் எளிய மனிதரையும் ஒரே நூலில் கோத்தார்.

திருப்பெரும்புதூரில் தோன்றிய இராமானுசரின் வாழ்விலும் மலைக்கு நிலைத்த இடம் உண்டு. மரபுவழிக் கணக்குப்படி 1017ஆம் ஆண்டில் பிறந்த அவர், திருவேங்கடமலை ஆதிசேடனின் வடிவம் என்று கருதிக் கால் வைக்கத் தயங்கி முழங்காலால் ஏறினார் என்பர். தாய்மாமன் திருமலை நம்பியிடம் இராமாயணப் பொருளைக் கேட்டதும் அம்மலையடிவாரத்திலேயே. பிற்காலத்தில் கருநாடகத்து மேல்கோட்டை மலை அவருக்குப் புகலிடமாயிற்று. மலையில்லாத ஊரில் பிறந்தவர் மலையிடம் காட்டிய அந்தத் தயக்கமே பக்தியின் இலக்கணமாக எண்ணப்பட்டது.

காவலும் இழப்பும்

போற்றுதல் பேச்சோடு நின்றதில்லை. திருக்கழுக்குன்றத்துக் கோயிலுக்குக் கந்தசிஷ்யன் என்னும் பழைய பல்லவன் நிலம் விட்டான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதனைத் தொடர்ந்து காத்தான். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்த சோழன் தன் 27ஆம் ஆட்சியாண்டில் அதே அறத்தைப் புதுப்பித்தான். ஆட்சி பல்லவரிடமிருந்து சோழரிடம் மாறியபின்னும் கொடை மாறாமல் நின்றமைக்கு அவ்வூர்க் கல்வெட்டு சான்று பகர்கிறது. நான்மறையே குன்றாயிற்று என்னும் நம்பிக்கையால் அது வேதகிரி எனப்பட்டது. அங்குள்ள ஒருகல் மண்டபத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர் சிலர்கூடத் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். ஊருக்குப் பெயர் தந்த கழுகுகள், நூற்றாண்டுகளாக நண்பகலில் வந்து உணவு பெற்றுச் சென்ற அப்பறவைகள், 1990களின் இறுதிக்குப் பின் வரவில்லை. குன்று நிற்கிறது, கோயில் நிற்கிறது, கழுகு என்னும் சொல் மட்டும் ஊர்ப்பெயரில் எஞ்சியுள்ளது.

இக்குன்றுகளின் கல்லுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பல்லாவரத்துப் பாறை நிலவியல் உலகெங்கும் சார்னோகைட் எனப்படுகிறது. கல்கத்தாவை நிறுவியவராக ஆங்கிலேயர் போற்றிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல் சென்றது. அக்கல்லறையைக் கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893ஆம் ஆண்டில் அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். அதே பல்லாவரத்தில்தான் 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியாவில் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தார். மனிதன் கல்லை முதன்முதல் கையிலெடுத்த காலத்தின் சான்று இக்குன்றுகளின் அடியில் கிடந்தது.

அந்தக் கை இன்று இயந்திரமாகியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்திலும் பெரிய கார் ஆலை இயங்கத் தொடங்கியது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் ஆலைகள் இவை. திருக்கச்சூரில் இறைவன் சோறு இரந்த வரலாற்றைப் போற்றுவோர் இதனைக் குறைத்துப் பேச இயலாது. ஆயினும் ஆலைக்குத் தரை வேண்டும். சாலைக்கு ஜல்லி வேண்டும். அடுக்குமாடிக்கு எம்-சாண்ட் வேண்டும். அவை அனைத்தும் ஏதோ ஒரு குன்றிலிருந்தே வந்தாக வேண்டும்.

குன்றத்தூருக்கு அருகேயுள்ள சிக்கராயபுரத்தில் கல் எடுத்த இடங்கள் ஆழ்ந்த குழிகளாயின. குழிகளில் மழைநீர் தேங்கியது. 2017ஆம் ஆண்டு வறட்சியில் அந்நீரைச் சுத்திகரித்துச் சென்னை மாநகர் குடித்தது. மலை நின்று மழையை ஏரிக்கு அனுப்பிய காலம் போய், மலை இருந்த பள்ளமே ஏரியாயிற்று. அப்பள்ளத்தின் நீர் நகரின் தாகம் தீர்த்ததை நன்றியோடு ஏற்கலாம். ஆனால் அங்கு நின்ற பாறைகளுக்கு என்ன பெயர் வழங்கிற்று என்பதைச் சொல்லும் பாட்டும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

எந்தக் குன்று பிழைத்தது, எந்தக் குன்று அழிந்தது என்பதை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். கோயிலோ கல்வெட்டோ கதையோ உள்ள குன்று பெரும்பாலும் நிற்கிறது. சட்டமும் அதனையே பற்றிக்கொள்கிறது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்த பகுதியாகவும் அதற்கப்பால் 200 மீட்டரைக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாகவும் வகுக்கிறது. சின்னம் இல்லாத குன்றுக்கு அவ்வேலி இல்லை.

மாங்குளத்தை அடுத்த அரிட்டாபட்டி இதற்கு அண்மைக்காலச் சான்று. தமிழ்பிராமிக் கல்வெட்டும் சமணப் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் கொண்ட அக்குன்றுகள் 2022ஆம் ஆண்டில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டில் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் விடப்பட்டபோது ஊர்மக்கள் திரண்டனர். 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை மத்திய அரசு கைவிட்டது. மக்கள் தம் குன்றின் வரலாற்றை அறிந்திருந்தனர். ஈராயிரம் ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் பாறையில் வெட்டிய சில எழுத்துகள் அவர்களுக்குத் துணை நின்றன.

தொண்டை நாட்டுச் சமவெளியில் பெயர் பதிவாகாத பாறைமேடுகள் இன்னும் உள்ளன. ஆடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோரும் அவற்றுக்கு இட்ட பெயர்கள் உண்டு. ஏதோ ஒரு சுனைக்கு, ஏதோ ஒரு நடுகல்லுக்கு, மழை வேண்டிப் பொங்கலிட்ட ஏதோ ஒரு பாறைக்குக் கதைகள் உண்டு. அவை முதியவர் நாவில் மட்டும் வாழ்கின்றன, அவர்களோடு மறையக்கூடும். கந்தசேனன் குடைந்ததும் சேக்கிழார் பாடியதும் அக்காலத்துச் சிறு குன்றுகளையே. அவர்கள் இட்ட சொல் அக்குன்றுகளுக்கு மதிலாயிற்று. எஞ்சிய குன்றுகளின் பெயர்களைக் கேட்டு எழுதிவைக்கும் கடமை இக்காலக் கவிஞர்க்கும் இலக்கிய அமைப்புகளுக்கும் உரியது. குன்றுதோறாடுபவனுக்கு ஆட ஒரு குன்றாவது மிஞ்ச வேண்டும்.